நீரிழிவு மாத்திரையும் இதய நோயாளியும்: ரோசிகிளிட்டசோன் முதல் எம்பாகிளிஃப்ளோசின் வரை

மருத்துவமனைகளில் இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் என்னென்ன மருந்து எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வுகள் ஏராளம். இத்தனை சதவீதம் பேருக்கு மெட்ஃபார்மின், இத்தனை பேருக்கு ஸ்டாட்டின், ஒரு சீட்டுக்குச் சராசரியாக இத்தனை மருந்து என்று பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். எண்கள் சரியாகவே இருக்கும். அந்த மருந்து ஏன் அந்தச் சீட்டுக்குள் வந்தது, ஏன் வெளியே போனது என்பது மட்டும் அதில் கிடைக்காது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு மருந்தைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகள் அதன் பின்னாலேயே போக வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை. அது போன பிறகு வந்த புதிய மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் தெரிந்தது

இதயச் செயலிழப்புக்காக (இதயம் போதிய அளவு இரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) மருத்துவமனையில் சேர்ந்து, கூடவே நீரிழிவும் இருந்த, மெடிகேர் என்ற அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் திட்ட நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது என்ன எழுதிக்கொடுத்தார்கள் என்று ஃபிரெடரிக் மசூடி குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2003-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. இரண்டு காலகட்டங்கள்: 1998-99இல் 12,505 பேர், 2000-01இல் 13,158 பேர். அந்த நாளில் இதயச் செயலிழப்புக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு மெட்ஃபார்மின் கூடாது என்று மருந்தின் விவரக் குறிப்பிலேயே போட்டிருந்தது. முற்றிய இதயச் செயலிழப்பில் கிளிட்டசோன்களை, அதாவது ரோசிகிளிட்டசோன் சேர்ந்த மருந்துக் குடும்பத்தை, தவிர்க்கும்படியும் சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றோடு வீட்டுக்குப் போனவர்கள் முதல் கணக்கில் 13.5%, இரண்டாவதில் 24.4%. கிளிட்டசோன் மட்டும் 7.2 சதவீதத்திலிருந்து 16.1 சதவீதமாக ஏறியிருந்தது.

இடையில் நடந்ததையும் கவனிக்க வேண்டும். முதல் கணக்கெடுப்பின்போது சந்தையில் இருந்தது பெரும்பாலும் ட்ரோகிளிட்டசோன். கல்லீரலைக் கெடுக்கிறது என்று 2000 மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 1999-இல் ரோசிகிளிட்டசோனும் பயோகிளிட்டசோனும் அனுமதி பெற்றுவிட்டன. ஆக, குடும்பத்தின் மூத்த மருந்து ஒன்று விலக்கப்பட்ட அதே காலத்தில் அந்தக் குடும்பத்தின் பயன்பாடு இரட்டிப்பாகியிருக்கிறது. கல்லீரல் பிரச்சினை பழைய மருந்தோடு போயிற்று, புதியது பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவியிருந்தது.

கிளிட்டசோன் இதயச் செயலிழப்பை ஏன் மோசமாக்குகிறது என்பது அப்போதும் மர்மம் இல்லை. இவை பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியைத் தூண்டி, இன்சுலின் வேலை செய்யும் திறனைக் கூட்டுகின்றன. அதே ஏற்பி சிறுநீரகக் குழாய்களிலும் இருக்கிறது. அங்கே தூண்டப்பட்டால் உப்பும் நீரும் உடலில் தங்கும். கால் வீங்கும், எடை கூடும். ஏற்கெனவே தடுமாறும் இதயத்துக்கு அந்தக் கூடுதல் நீர் போதும், நுரையீரல் வரை தேங்கிவிடும். 2003-இன் இறுதியில் அமெரிக்க இதயச் சங்கமும் நீரிழிவுச் சங்கமும் சேர்ந்து இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டன. மருத்துவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

அப்படியானால் ஏன் எழுதினார்கள்? என் கணிப்பு இது: சீட்டு எழுதுபவர் முன்னால் இருந்த எண் சர்க்கரை. கிளிட்டசோன் அந்த எண்ணைக் குறைத்தது, தாழ்சர்க்கரையும் வராது, ஊசியும் வேண்டாம். வீக்கம் என்பது அடுத்த முறை வரும்போது வேறு ஒருவர் பார்க்கப்போகிற விஷயம். இதய வார்டில் கால் வீங்கி வந்தவருக்கு நீரை வடிக்கும் ஃபுரோசமைட் மருந்தின் அளவைக் கூட்டுவதுதான் வழக்கம். அந்த வீக்கத்துக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் தொடர்பு இருக்குமோ என்று யோசிக்க வேண்டுமென்றால் இரண்டு பட்டியலையும் ஒரே ஆள் படிக்க வேண்டும்.

இந்த ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அட்டவணையில் "தவறான மருந்து" என்று மெட்ஃபார்மினும் கிளிட்டசோனும் ஒன்றாக நின்றன அல்லவா, அதில் மெட்ஃபார்மினின் இதயச் செயலிழப்புத் தடையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-இல் நீக்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மசூடி குழுவே இதே வகை நோயாளிகளைப் பின்தொடர்ந்து இன்னோர் ஆய்வு வெளியிட்டிருந்தது. மெட்ஃபார்மினோடு வீட்டுக்குப் போனவர்களில் ஓராண்டு இறப்பு மற்றவர்களைவிடக் குறைவு. கிளிட்டசோன் பெற்றவர்களிலும் இறப்பு குறைவுதான், ஆனால் இதயச் செயலிழப்போடு திரும்பி வந்து சேர்ந்தது கொஞ்சம் கூடுதல். நோய் லேசாக இருந்தவர்களுக்கே இந்த மருந்துகளை எழுதியிருக்கலாம் என்பதால் இந்த இறப்புக் கணக்கை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு: 2003-இல் விதிமீறல் என்று எண்ணப்பட்டதில் ஒரு பாதி, சில ஆண்டுகளிலேயே சரியான சிகிச்சையாகிவிட்டது. மருந்து எழுதும் முறையை விதியோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுபவர்கள் விதியின் வயதையும் பார்ப்பது நல்லது.

2007 மே

ரோசிகிளிட்டசோன், அவாண்டியா என்ற பெயரில், 2006 வாக்கில் உலகில் மிக அதிகம் விற்ற நீரிழிவு மாத்திரைகளில் ஒன்று. 2007 மே 21 அன்று கிளீவ்லாந்து கிளினிக்கின் ஸ்டீவன் நிஸ்ஸனும் கேத்தி வோல்ஸ்கியும் எழுதிய கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் இணையப் பக்கத்தில் வந்தது. 42 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் ரோசிகிளிட்டசோன் எடுத்தவர்களில் 86 மாரடைப்புகள், ஒப்பீட்டுக் குழுவில் 72. கணக்கிட்டால் 43% கூடுதல் ஆபத்து. நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 1.03இலிருந்து 1.98 வரை. 1 என்றால் வேறுபாடே இல்லை என்று பொருள்; கீழ்விளிம்பு அந்த 1-ஐ உரசிக்கொண்டு நின்றது.

இந்தத் தரவு எங்கிருந்து கிடைத்தது என்பது சுவாரசியமானது. ரோசிகிளிட்டசோனைத் தயாரித்த நிறுவனம் தன் சோதனை முடிவுகளை இணையத்தில் வைத்திருந்தது. அப்படி வைக்க நேர்ந்தது நீரிழிவால் அல்ல. தன் இன்னொரு தயாரிப்பான பாரோக்சிட்டின் என்ற மனச்சோர்வு மருந்தின் முடிவுகளை மறைத்ததாக நியூயார்க் மாநில அரசு தொடுத்த வழக்கு 2004-இல் சமரசத்தில் முடிந்தபோது எழுந்த கடப்பாடு அது. ஒரு மனநல மருந்தின் வழக்கு, மூன்று ஆண்டு கழித்து ஒரு நீரிழிவு மாத்திரையின் தலைவிதியை எழுதியது.

கட்டுரையின் குறைகளையும் உடனே சுட்டினார்கள். யாருக்கும் மாரடைப்போ இதய இறப்போ நேராத சோதனைகள் கணக்கில் சேரவில்லை. பெரும்பாலானவை இதய விளைவை அளக்க வடிவமைக்கப்படாத சிறு சோதனைகள். எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் மருந்துச்சீட்டு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. சில மாதங்களிலேயே ரோசிகிளிட்டசோன் விற்பனை சரிந்தது. ஆகஸ்டில் கிளிட்டசோன்கள் இரண்டுக்குமே இதயச் செயலிழப்பு பற்றிய கறுப்புக் கட்ட எச்சரிக்கை (விவரக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கை) வந்தது, நவம்பரில் ரோசிகிளிட்டசோனுக்கு மட்டும் மாரடைப்பு பற்றி ஒரு வரி சேர்ந்தது.

இந்த வரிசையில்தான் எனக்கு முக்கியமான விஷயம் தெரிகிறது. இதயச் செயலிழப்பு ஆபத்து பல ஆண்டுகளாகத் தெரிந்தது, உடலியல் விளக்கம் உண்டு, சோதனைக்குச் சோதனை அது உறுதியானது. 2009-இல் வெளிவந்த ரெக்கார்ட் சோதனையிலும், மொத்தம் 4,447 பேரில் ரோசிகிளிட்டசோன் எடுத்த பாதிப் பேரிடம் இதயச் செயலிழப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மாரடைப்பு ஆபத்தோ கடைசிவரை சர்ச்சைக்குரியது. சீட்டை அசைத்தது இரண்டாவதுதான். உறுதியாகத் தெரிந்த தீங்கு அசைக்கவில்லை, உறுதியில்லாத தீங்கு அசைத்தது.

ரோசிகிளிட்டசோனை நீக்கியவுடன் அந்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்று பார்த்தால் அது இன்னும் விளங்கும். பயோகிளிட்டசோன் அந்த அளவுக்கு அடி வாங்கவில்லை. ஒரே குடும்பம், ஒரே ஏற்பி, ஒரே நீர்த்தேக்கம். மாரடைப்பைப் பொறுத்தவரை அதன் கணக்கு வேறு. 2005-இல் வந்த ப்ரோஆக்டிவ் சோதனையில் முதன்மை முடிவு தேறாவிட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு மூன்றும் சேர்ந்த இரண்டாம் நிலைக் கணக்கு 16% குறைந்திருந்தது. அதை வைத்து மாற்றியது புரிகிறது. ஆனால் இதயச் செயலிழப்புள்ள நோயாளிக்கு அந்த மாற்றத்தால் எந்த நன்மையும் இல்லை. 2003-இன் அட்டவணை சுட்டிக்காட்டிய அதே ஆபத்து, பெயர் மாறிய மாத்திரையில் தொடர்ந்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2010 செப்டம்பர் 23 அன்று ஐரோப்பிய மருந்து முகமை ரோசிகிளிட்டசோனை நிறுத்திவைத்தது, அதே நாளில் அமெரிக்கா கடும் கட்டுப்பாடு விதித்தது. 2012-இல் நிறுவனம் பல மருந்துகள் தொடர்பாக அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அவாண்டியாவின் பாதுகாப்புத் தரவுகளை ஒழுங்காகத் தெரிவிக்காததும் அதில் ஒரு பகுதி. ரெக்கார்ட் சோதனையின் நிகழ்வுகளை டியூக் பல்கலைக்கழகக் குழு மறுபடி ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை என்று சொன்ன பிறகு 2013 நவம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாடு தளர்ந்தது. மருந்து சீட்டுக்குத் திரும்பவில்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை.

எண்ணை மாற்றிய விதி

ரோசிகிளிட்டசோனின் உண்மையான வாரிசு பயோகிளிட்டசோன் அல்ல, 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போட்ட ஒரு விதி. அதே ஆண்டு பிப்ரவரியில் அக்கார்ட் சோதனையின் தீவிர சர்க்கரைக் கட்டுப்பாட்டுப் பகுதியை நிறுத்தியிருந்தார்கள். 10,251 பேரில், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (ஹெச்பிஏ1சி) 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் 257 இறப்புகள், வழக்கமான குழுவில் 203. தீவிரக் குழுவில் பத்தில் ஒன்பது பேர் ரோசிகிளிட்டசோன் எடுத்தவர்கள் என்பதால் பழி அதன் மேலும் விழப் பார்த்தது, ஆனால் எந்த ஒரு மருந்தாலும் அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. எப்படியோ, சர்க்கரை எண்ணைக் குறைப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல என்பது உடைத்துச் சொல்லப்பட்டுவிட்டது.

புதிய விதி சொன்னது: இனி வரும் நீரிழிவு மருந்து இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று காட்ட வேண்டும். அனுமதிக்கு முன் ஆபத்து விகிதத்தின் நம்பிக்கை இடைவெளியில் மேல்விளிம்பு 1.8-க்குக் கீழே, பிறகு 1.3-க்குக் கீழே. நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துப் பல ஆண்டுச் சோதனைகள் நடத்த வேண்டியதாயிற்று. செலவைச் சொல்லி முணுமுணுத்தவர்கள் உண்டு.

கெடுதல் இல்லை என்று காட்டுவதற்காக ஆரம்பித்த சோதனைகளில் சில, யாரும் கேட்காத பதில்களைக் கொண்டுவந்தன. 2013-இல் வந்த சேவர் சோதனையில் 16,492 பேர். கிளிப்டின் என்ற இன்னொரு நீரிழிவு மருந்துக் குடும்பத்தின் சாக்சாகிளிப்டின் மாரடைப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, ஆனால் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 27% கூடியது. அதே குடும்பத்தின் சிட்டாகிளிப்டினை வைத்து நடந்த டெக்காஸ் சோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஒரே குடும்பத்துக்குள்ளும் மருந்துக்கு மருந்து வேறுபடும் என்பதற்கு இது நல்ல சான்று. "கிளிப்டின் ஏதாவது ஒன்று" என்று கொள்முதல் பட்டியலில் எழுதும் பழக்கம் இதனால் ஆபத்தாகிறது.

அப்புறம் 2015 செப்டம்பர், ஸ்டாக்ஹோம், ஐரோப்பிய நீரிழிவு மாநாடு. எம்பா-ரெக் சோதனை: இதய நோயும் நீரிழிவும் உள்ள 7,020 பேர். எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களில் இதய இறப்பு 38% குறைவு, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனை சேர்க்கை 35% குறைவு. இரு குழுக்களின் சர்க்கரை வேறுபாடோ மிகச் சிறியது, வரைபடத்தில் இரு குழுக்களின் கோடுகள் பிரிந்ததோ முதல் சில மாதங்களிலேயே. சர்க்கரை வழியாக வந்த நன்மையாக இருந்தால் அவ்வளவு விரைவில் தெரிந்திருக்காது. இந்த மருந்து சிறுநீரகத்தில் எஸ்ஜிஎல்டி2 என்ற கடத்தியைத் தடுத்துச் சர்க்கரையோடு உப்பையும் வெளியேற்றுகிறது. கிளிட்டசோன் நீரைத் தேக்கியது, இது வடிக்கிறது.

2019-இல் டாபா-ஹெச்எஃப் சோதனையில் அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினை இதயச் செயலிழப்புள்ள 4,744 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவே இல்லை. நோய் மோசமடைவதும் இதய இறப்பும் சேர்ந்த கணக்கு 26% குறைந்தது, நீரிழிவு இல்லாதவர்களிலும் அதே அளவு. 2020 மே மாதம் அது அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு மருந்தாகவே அனுமதி பெற்றது.

ஏன் இவ்வளவு மெதுவாக?

ரோசிகிளிட்டசோன் சீட்டிலிருந்து இறங்க மாதங்கள் போதுமாக இருந்தன. அதைவிட உறுதியான சான்றோடு வந்த எஸ்ஜிஎல்டி2 மருந்துகள் (எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை) சீட்டில் ஏற ஆண்டுக்கணக்காயிற்று. கேப்சர் என்ற ஆய்வு 13 நாடுகளில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள சுமார் 9,800 பேரை 2019 வாக்கில் கணக்கெடுத்தது. இதய நோய் இருந்தவர்களில் இதய நன்மை நிரூபிக்கப்பட்ட நீரிழிவு மருந்து கிடைத்தது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. இதய நோய் இல்லாதவர்களிலும் விகிதம் ஏறத்தாழ அதேதான். அதாவது அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் இதய நோய் ஒரு காரணமாகவே இருக்கவில்லை. அது மருத்துவமனை வார்டுகளின் கணக்கு அல்ல, வெளிநோயாளிகளின் கணக்கு. ஆனால் வார்டில் நடப்பதைப் பார்த்தால் அங்கே இன்னும் சிக்கல்.

விலை ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனால் விலையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாத இன்னொன்று இருக்கிறது: இந்த மாத்திரை யாருடையது? இதய மருத்துவருக்கு இது சர்க்கரை மாத்திரை, சர்க்கரை மருத்துவர் பார்த்துக்கொள்வார். சர்க்கரை மருத்துவருக்கு நோயாளியின் சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்குள் இருக்கிறது, புதிதாக ஒன்று எதற்கு? இருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள், மாத்திரை மட்டும் எழுதப்படுவதில்லை. ரோசிகிளிட்டசோனைச் சீட்டிலிருந்து நீக்கியபோது இந்தச் சிக்கல் இல்லை. கெட்ட செய்தி வந்த மருந்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அந்த இடத்தில் வைக்க இன்னொன்று தயாராக இருந்தது.

வார்டின் நடைமுறையும் சேர்ந்துகொள்கிறது. மாரடைப்போடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஞ்சியோகிராம் சாயம் செலுத்தப்போகிறார்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மெட்ஃபார்மின் நிற்கும். சரியாகச் சாப்பிடவில்லை, தாழ்சர்க்கரை வரலாம் என்று கிளிமெபிரைட் நிற்கும். எஸ்ஜிஎல்டி2 எடுத்துக்கொண்டிருந்தால் பட்டினியில் கீட்டோஅமிலத்தன்மை (கொழுப்பு எரிந்து இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை) வரலாம் என்று அதுவும் நிற்கும். இந்த வகைக் கீட்டோஅமிலத்தன்மை சர்க்கரை அதிகம் ஏறாமலேயே வரும் என்பதால் கண்ணுக்குத் தப்பும், 2015-இலேயே இதற்கு எச்சரிக்கை வந்துவிட்டது. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் அதனால்தான். எல்லாம் போய் இன்சுலின் மட்டும் ஓடுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் நியாயமானது.

சிக்கல் ஐந்தாறு நாள் கழித்து, வீட்டுக்கு அனுப்பும் அன்று. பயிற்சி மருத்துவர் கையில் இருப்பது வார்டு மருந்துப் பட்டியல். அதில் மெட்ஃபார்மின் இல்லை, எஸ்ஜிஎல்டி2 இல்லை. நிறுத்தியது யார், எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று எங்கும் எழுதவில்லை. அவர் பட்டியலில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறார். இன்சுலின் வீட்டுக்கும் போகிறது, அல்லது சேர்வதற்கு முன் இருந்த பழைய சீட்டு அப்படியே திரும்ப வருகிறது. தற்காலிக நிறுத்தம் இப்படித்தான் நிரந்தரமாகிறது. வெளியிலிருந்து எண்ணுபவருக்கு இது "இந்த மருத்துவமனை இன்சுலினை அதிகம் விரும்புகிறது" என்று தெரியும். உண்மையில் யாரும் எதையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

கிரியாட்டினின் பயம் இன்னொன்று. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது இரத்தத்தில் ஏறும் கழிவு அது. இரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் ஏசிஇ தடுப்பான், எஸ்ஜிஎல்டி2 இரண்டுமே தொடங்கிய முதல் வாரங்களில் சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வடிகட்டிக்குள் அழுத்தம் குறைவதால் வரும் மாற்றம் அது. ஏசிஇ தடுப்பானில் கிரியாட்டினின் 30% வரை ஏறினாலும் பொட்டாசியம் ஒழுங்காக இருந்தால் தொடரலாம் என்பது நடைமுறை விதி. ஆனால் ஆய்வக அறிக்கையில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் முதலில் நிற்பது இந்த மருந்துகளே, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, வலிக்காகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் அல்ல.

மருத்துவமனையிலேயே தொடங்கிவிடுவது நல்லதா என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. 2022-இல் எம்பல்ஸ் சோதனை, கடும் இதயச் செயலிழப்போடு வந்த 530 பேருக்கு, நிலை சீரான பின் வார்டிலேயே எம்பாகிளிஃப்ளோசின் தொடங்கி நன்மை கண்டது. அதே ஆண்டு வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் சோதனையில் 1,078 பேர். இதயச் செயலிழப்பு மருந்துகளை வீட்டுக்குப் போன இரண்டு வாரத்துக்குள் முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி அழைத்துப் பார்த்த குழுவில் 180 நாளில் இறப்போ மறுசேர்க்கையோ 15.2%, வழக்கப்படி மெதுவாக ஏற்றிய குழுவில் 23.3%.

வேகத்தின் மறுபக்கம்

இவ்வளவு சொன்னதும் "அப்படியானால் எல்லோருக்கும் உடனே எழுதுங்கள்" என்று தோன்றும். இதே இதய வார்டில் இருபது ஆண்டு முன்பு அப்படி ஒன்று நடந்தது. 1999-இல் ரேல்ஸ் சோதனை, கடும் இதயச் செயலிழப்பில், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்து இறப்பை 30% குறைக்கிறது என்றது. மலிவான பழைய மருந்து, எல்லா மருந்தகத்திலும் கிடைக்கும், யாருடையது என்ற சண்டையும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஜூர்லிங்க் குழு 2004-இல் வெளியிட்ட கணக்கு: இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்து, ஏசிஇ தடுப்பான் எடுத்த முதியவர்களில் ஸ்பைரோனோலாக்டோன் எழுதும் விகிதம் 1994-இல் ஆயிரத்துக்கு 34, 2001-இல் 149. பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4-இலிருந்து 11.0 ஆனார்கள். அதனால் நேர்ந்த இறப்பு 0.3-இலிருந்து 2.0 ஆயிற்று.

மருந்து மாறவில்லை, நோயாளி மாறினார். சோதனையில் கிரியாட்டினின் 2.5-ஐத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை, பொட்டாசியத்தைக் குறித்த நாளில் பார்த்தார்கள், சராசரி அளவு 26 மில்லிகிராம்தான். நடைமுறையில் வயது கூடியவர்கள், நீரிழிவால் சிறுநீரகம் தேய்ந்தவர்கள், இரத்தப் பரிசோதனைக்குத் திரும்பி வராதவர்கள். நீரிழிவு நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஏறும் போக்கு ஏற்கெனவே உண்டு என்பதால் இந்தக் கூட்டு இன்னும் ஆபத்து. சான்று பரவிய வேகத்தில் பரிசோதனைத் தேதி பரவவில்லை.

கணக்கெடுப்பவர் கவனத்துக்கு

இந்தக் கதையை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனை தன் சீட்டுகளை எண்ணப் புறப்பட்டால் எங்கே சறுக்கும்? முதலில் வகைப்பாட்டிலேயே. உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி முறையில் நீரிழிவு மருந்துகள் ஏ10, இதய மருந்துகள் சி. எஸ்ஜிஎல்டி2 மருந்துகள் இன்றும் ஏ10 பெட்டியில்தான் இருக்கின்றன. நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிக்கு எழுதினாலும் அது நீரிழிவு மருந்தாகவே எண்ணப்படும். "இதய மருந்துப் பயன்பாடு" என்று சி பிரிவை மட்டும் எடுப்பவர் இன்றைய இதய வார்டின் முக்கியமான மாற்றத்தையே தவறவிடுவார்.

அடுத்தது, நாளொன்றுக்கான வரையறுக்கப்பட்ட அளவு, அதாவது டிடிடி. செலவான மொத்த மருந்தை இதனால் வகுத்துப் பயன்பாட்டைக் கணக்கிடுவார்கள். மெட்ஃபார்மினுக்கு 2 கிராம், அட்டோர்வாஸ்டாட்டினுக்கு 20 மில்லிகிராம். எம்பாகிளிஃப்ளோசினுக்கு 17.5 மில்லிகிராம். அப்படி ஒரு மாத்திரையே கிடையாது, 10-க்கும் 25-க்கும் நடுவே எடுத்த எண் அது. இதயச் செயலிழப்புக்கு எல்லோருக்கும் 10 மில்லிகிராமே கொடுக்கிறார்கள். ஆக நூறு பேருக்குக் கொடுத்தால் கணக்கில் ஐம்பத்தேழு பேர் போலத் தெரியும். 10 மில்லிகிராமே டிடிடியாக உள்ள டாபாகிளிஃப்ளோசின் எழுதும் பக்கத்து வார்டு கூடுதலாக எழுதுவதுபோலத் தோன்றும். இரண்டு வார்டும் ஒன்றையேதான் செய்துகொண்டிருக்கும். நாடுகளை ஒப்பிட டிடிடி பயன்படும். ஒரு மருத்துவமனைக்குள் தலையை எண்ணுவதே மேல்.

சராசரி மருந்து எண்ணிக்கை என்ற குறியீடு இங்கே இன்னும் பயனற்றது. சீட்டில் மருந்து குறைவாக இருந்தால் நல்லது என்ற கருத்து புறநோயாளிச் சளிக் காய்ச்சலுக்குப் பொருந்தும். இதயச் செயலிழப்புக்கு அடிப்படைச் சிகிச்சையே நான்கு வகை மருந்து (ஏசிஇ தடுப்பான் அல்லது அதைப் போன்றது, பீட்டா தடுப்பான், ஸ்பைரோனோலாக்டோன் வகை, எஸ்ஜிஎல்டி2), நீர் வடிப்பானும் ஸ்டாட்டினும் தனி. எட்டு மருந்து உள்ள சீட்டு சரியாகவும் நான்கு மருந்து உள்ள சீட்டு அலட்சியமாகவும் இருக்கலாம். ஆனால் எட்டில் ஒன்று தேவையில்லாத ஆஸ்பிரினாக இருக்கவும் கூடும். 2018-இல் வந்த அசெண்ட் சோதனையில், இதய நோய் வராத 15,480 நீரிழிவு நோயாளிகளில் ஆஸ்பிரின் இரத்தக்குழாய் நிகழ்வுகளை 12% குறைத்தது, பெரிய இரத்தக்கசிவை 29% கூட்டியது. மாரடைப்பு வந்தவரின் ஆஸ்பிரினும் வராதவரின் ஆஸ்பிரினும் எண்ணிக்கையில் ஒன்றுதான். எதற்காக எழுதியது என்று இல்லாத கணக்கில் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

எனவே வகுக்கும் எண்ணை முதலில் சரிசெய்ய வேண்டும். எல்லா நோயாளிகளிலும் எத்தனை சதவீதம் என்பதை விட்டுவிட்டு, இதயத்தின் தள்ளும் திறன் குறைந்து, சிறுநீரகம் அனுமதிக்கிற நிலையில் வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு நான்கு வகையும் கிடைத்தது என்று கேட்க வேண்டும். கிடைக்காதவர்களில் எத்தனை பேரின் சீட்டில் காரணம் எழுதியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இரத்த அழுத்தம் தாழ்ந்ததால் பீட்டா தடுப்பான் தரவில்லை என்று எழுதியிருந்தால் அது முடிவு. வெற்றிடமாக இருந்தால் மறதியா முடிவா என்று யாருக்கும் தெரியாது, அடுத்து பார்க்கப்போகிற மருத்துவருக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இதைக் கொண்டுவருவது கடினமில்லை. தொடரும் மருந்து, புதிய மருந்து, நிறுத்திய மருந்து என்று மூன்று பத்தி. நிறுத்தியதற்கு எதிரே காரணமும், எப்போது யார் திரும்பத் தொடங்குவது என்பதும். ஸ்பைரோனோலாக்டோனோ ஏசிஇ தடுப்பானோ புதிதாகத் தொடங்கியிருந்தால் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டிய தேதி, "ஒரு வாரத்தில்" என்றில்லாமல் நாளும் மாதமுமாக. எஸ்ஜிஎல்டி2 என்றால் வாந்தி, பட்டினி, அறுவைச் சிகிச்சை நேரத்தில் நிறுத்தச் சொல்லும் ஒரு வரி, அது நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும்.